விராலுக்கும் கொடுவாவுக்கும் ஒரே ஃப்ளை ரீல் போதுமா? 8 வெயிட் ரீல் எதைப் பாத்து வாங்கறது?

ஏரிக்கரை_செங்கல்பட்டு:

வணக்கம் நண்பர்களே. ரெண்டு வருஷமா ஃப்ளை ஃபிஷிங் பண்றேன், அதாவது ஃப்ளைங்கற எடையில்லாத பொய் இரையை கனமான லைனால வீசறது, அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல ஸ்பின்னிங் தான். வாரம் ஒரு நாள் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிங்கள்ல விரால், மாசத்துல ரெண்டு நாள் முட்டுக்காடு, இல்லன்னா பாலாறு கடல்ல சேர்ற முகத்துவாரம், அங்க கொடுவா, மொரான்கெண்டை. ராடு 9 அடி 8 வெயிட், வெயிட்ங்கறது எவ்வளவு கனமான லைனை வீசும்ங்கற நம்பர். ரெண்டு தண்ணிக்கும் அதே ராடு தான், அதுல ஒரு குறையும் இல்ல.

பிரச்சினை ரீல்ல. ராடோட செட்டா வந்த ரீல், பேரு வேணாம். ஏரியில ஒன்றரை வருஷம் நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் முட்டுக்காட்டுக்கு நாலு தடவை தான் கொண்டு போயிருப்பேன், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் குழாயை வேகமா திறந்து நல்லா அடிச்சு கழுவித்தான் வெச்சேன். போன மாசம் ஒரு கொடுவா, மூணு கிலோ இருக்கும், அடிச்சுட்டு திரும்புச்சு, கையில இருந்த லைன் எல்லாம் ஓடி முடிஞ்சு ரீல் வரைக்கும் டைட் ஆச்சு, அங்க ரீல் சுத்தவே இல்ல, ஒரு நொடி அப்படியே இறுக்கிப் பிடிச்சுது, அப்புறம் சடார்னு விட்டுச்சு, அதுக்குள்ள டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டற மெல்லிசான நுனி நரம்பு, அறுந்து மீன் போயிடுச்சு. என் ஃப்ளையை வாயில வெச்சுட்டு அது போனது இன்னைக்கும் உறுத்துது.

இப்ப சொந்தக்காரர் ஒருத்தர் பொங்கலுக்கு அமெரிக்காவுலருந்து வர்றார், வாங்கிட்டு வரேன்னு சொல்லிருக்கார். மூணு வகை பாத்து வெச்சிருக்கேன். 150 டாலருக்குள்ள வார்ப்பு பாடி, சீல் பண்ண ட்ராக், அதாவது மீன் இழுக்கும்போது லைனை இறுக்கிப் பிடிச்சு விடற பிரேக், தண்ணி புகாம மூடினது. 300, 350 டாலர்ல முழு அலுமினியக் கட்டியைக் கடைஞ்சு எடுத்தது, அதுவும் சீல் ட்ராக். மூணாவது பழைய பாணி கார்க் ட்ராக், செகண்ட் ஹேண்ட். விளம்பரத்துல ஒருத்தன் 10 கிலோ ட்ராக்ங்கறான், இன்னொருத்தன் 12ங்கறான், எதை நம்பறதுன்னே தெரியல. ரெண்டு தண்ணிக்கும் தாங்கற மாதிரி ஒண்ணு வேணும், இல்ல ரெண்டு தனித்தனியா தான் வாங்கணுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

லேத்_கோவை:

வணக்கங்க. நான் மீனுக்கு புதுசுங்க, ஆனா அலுமினியத்துல இருபது வருஷமா வேலை பாக்கறேன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்றேன்.

வார்ப்புன்னா மட்டம்னு எடுத்துக்க வேண்டாங்க. நல்ல அச்சுல நல்ல பிரஷர்ல ஊத்துனது நிறைய நாள் உழைக்கும். ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. வார்ப்பு அலுமினியத்துல சிலிக்கான் ஜாஸ்தி, அதனால அனோடைசிங், அதாவது கரண்ட் வெச்சு ஏத்தற ஆக்சைடு பூச்சு, அதுல சரியா ஏறாது, பெரும்பாலும் பெயின்ட் இல்ல பவுடர் கோட்டிங் தான் அடிப்பாங்க. ஒரு கல்லுல பட்டு பெயின்ட் உரிஞ்சா அடியில வெறும் உலோகம், உப்பு அங்கருந்து உள்ள போயி பெயின்ட்டை கொப்புளமா கிளப்பும். அடுத்தது, வார்ப்புல உள்ளுக்குள்ள சின்னச்சின்ன காத்துக்குழி இருக்கும், கீழ விழுந்தா வளையறதுக்கு பதிலா உடையும். கடைஞ்சு எடுக்கறது வழக்கமா 6061 டி6ங்கற அலுமினியக் கலவைக் கட்டிங்க, அதுல அனோடைசிங் அருமையா ஏறும்.

அனோடைசிங்லயும் ரகம் இருக்குங்க. பளபளன்னு சிவப்பு நீலம்னு கலர் கலரா வர்றது சாதா ரகம், பெரும்பாலும் 10, 15 மைக்ரான் தான் இருக்கும். ஹார்டு அனோடைசிங்னு டைப் 3 இருக்கு, அது 25லருந்து 50 மைக்ரான் வரைக்கும் போகும், சாம்பல் கருப்பா ஒரு மங்கின நிறத்துல வரும். உப்புத்தண்ணிக்கு அது தான். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, லைன் சுத்தற ஸ்பூலோட விளிம்பு, ஓட்டை போட்ட இடத்து ஓரம் எல்லாத்தையும் விரலால தடவிப் பாருங்க. கூரா வெட்டற மாதிரி இருந்தா வேண்டாங்க. கூர்முனையில பூச்சு ஒழுங்கா சேராது, அரிப்பு அங்கிருந்து தான் ஆரம்பிக்கும். ஓரத்தையெல்லாம் நல்லா உருட்டி விட்டிருந்தான்னா அவன் வேலை தெரிஞ்சவன்னு அர்த்தம்.

ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கும், அது நல்லது தான், ஆனா ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத்தண்ணியில ஒண்ணா நனைஞ்சா பேட்டரி மாதிரி வேலை செய்யும், கரையறது அலுமினியம் தான். ரீல் காலை பாடியோட பிடிச்சிருக்கற ஸ்க்ரூவை புதுசுலயே ஒரு தடவை கழட்டி, துளி கிரீஸ் தடவி மாட்டுங்க. பண்ணாம விட்டா ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஸ்க்ரூ கழலவே கழலாதுங்க.

முத்துநகர்_தூண்டில்:

தம்பி, நான் கார்க் ட்ராக் கட்சி. தூத்துக்குடியில பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் அதைத்தான் வச்சு ஓட்டுதேன். காரணம் ஒண்ணு தான், சீல் பண்ணது நல்லா இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கும், உள்ள ஒரு தடவை உப்புத்தண்ணி போயிட்டுன்னா நம்மளால திறந்து ஒண்ணும் பண்ண முடியாது, இங்க சர்வீஸ் சென்டரும் கிடையாது, கம்பெனிக்கு அனுப்பினா போக வர மாசக்கணக்கு. கார்க் ட்ராக்கை நானே திறந்து தொடைச்சு, அவன் சொன்ன எண்ணெயைப் போட்டு மூடிருவேன், பத்து நிமிஷ வேலை. ஆனா வேலை முடிஞ்சா ட்ராக்கை முழுசா லூஸ் பண்ணி தான் வைக்கணும். இறுக்கியே வச்சா கார்க் அமுங்கி அப்படியே நின்னுக்கிடும், அடுத்த தடவை ஓடும்போது விட்டு விட்டு பிடிக்கும், உன் கொடுவாவுக்கு ஆன கதை தான்.

அப்புறம், கொடுவாவே ரெண்டு தண்ணி மீன் தானே. முட்டை போட கடல் பக்கம் வரும், குஞ்சு காயல்லயும் ஆத்து முகத்துலயும் வளரும், நல்ல தண்ணிக்குள்ளயும் ஏறும். அதனால முகத்துவாரத்துல பாதி நல்ல தண்ணி தானன்னு நினைச்சு ரீலை லேசா விட்டுராத. மழைக்காலத்துல உப்பு குறைவா இருக்கும், மணல் அடைச்சு வெயில் காயும்போது பின்னாடி தேங்குன தண்ணி கரிச்சுக் கொட்டும். நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாரு, தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குனா கார்க்கை திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. காஞ்சு வெடிச்சிருந்தா வேண்டாம்.

ஹூஸ்டன்_கயாக்:

அண்ணன் சொல்றதுல பாதிக்கு எனக்கு மாற்றுக்கருத்து இருக்கு, கடைசில சொல்றேன். நான் இங்க கால்வெஸ்டன் பக்கம் உப்பு சதுப்புல ரெட்ஃபிஷ் பிடிக்கறேன், நம்ம ஊரு கத்தாளை குடும்பம் தான் அது, இங்க 20லருந்து 28 இன்ச் வரைக்கும் தான் வெச்சுக்கலாம், அதைவிட பெருசை வெச்சுக்கணும்னா தனி டேக் வேணும். அதே 8 வெயிட்டை வீட்டுப் பக்கத்து ஏரியில பாஸ் மீனுக்கும் வீசறேன். அதனால உங்க கேள்வி அப்படியே என் கேள்வியா இருந்தது தான்.

முதல்ல இந்த 10 கிலோ 12 கிலோ ட்ராக் விஷயத்தை விட்டுடுங்க. ட்ராக்கை டிப்பெட் பலத்துல கால் பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்குக்கு வைக்கறது தான் வழக்கம். நீங்க 16 பவுண்ட், அதாவது 7 கிலோ டிப்பெட் கட்டினாலும் தேவை 2 கிலோ தான். 10 கிலோ ட்ராக்கை முழுசா இறுக்கினா ரீல் நகர்றதுக்குள்ள டிப்பெட் போயிடும், இல்ல ராடு போயிடும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதுங்கறது முக்கியம் இல்ல, நின்ன இடத்துலருந்து எவ்வளவு மெதுவா கிளம்புதுங்கறது தான் முக்கியம். உங்க மீன் போனதுக்கு காரணம் அந்த முதல் ஜெர்க் தான்.

இதை வீட்டுலயே டெஸ்ட் பண்ணலாம். மீன் எடை போடற ஸ்பிரிங் தராசு ஒண்ணு போதும். லைனை கொக்கியில கட்டி, ட்ராக்கை 1 கிலோவுக்கு செட் பண்ணி, ரீலை ஒருத்தர் பிடிச்சுக்க நீங்க மெதுவா இழுங்க. கிளம்பற அந்த நொடி முள்ளு எங்க போகுது, ஓட ஆரம்பிச்சப்புறம் எங்க நிக்குதுன்னு பாருங்க. கிளம்பறப்ப 1.1, ஓடறப்ப 1னா தங்கமான ரீல். கிளம்பறப்ப 1.6 போய் அப்புறம் 1க்கு விழுந்தா எவ்வளவு விலையா இருந்தாலும் வேண்டாம். அப்படியே ரீலை ஒரு ராத்திரி தண்ணியில போட்டு எடுத்து மறுபடி இழுங்க, நம்பர் மாறுச்சுன்னா சீல் பேருக்கு தான் இருக்குன்னு அர்த்தம். புது ரீலை தண்ணியில போடறதான்னு யோசிக்காதீங்க, திருப்பிக் கொடுக்கற தேதி முடியறதுக்குள்ள தெரிஞ்சுக்கறது நல்லது. உங்க சொந்தக்காரர் கிளம்பறதுக்கு முன்னாடி அவரையே பண்ணச் சொல்லுங்க.

அடுத்தது ஆர்பர், அதாவது ஸ்பூலோட நடுவுல லைன் சுத்தற பாகம். ட்ராக் பிடிக்கறது அச்சுல, மீன் இழுக்கறது லைன் சுத்தியிருக்கற விளிம்புல. ஸ்பூல் நிறைஞ்சு 9 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும்போது 2 கிலோன்னு செட் பண்றீங்க, மீன் ஓடி ஓடி விட்டம் 6 சென்டிமீட்டர் ஆச்சுன்னா அதே ட்ராக் 3 கிலோவா பிடிக்கும், நீங்க ட்ராக் திருகை தொடவே இல்லன்னாலும். அது கூட தண்ணிக்குள்ள கிடக்கற லைனோட இழுவை வேற. அதனால நீளமா ஓடற மீனுக்கு ட்ராக்கை கூட்டக்கூடாது, கொஞ்சம் குறைக்கணும். லார்ஜ் ஆர்பர் ரீல்ல இந்த மாற்றம் கம்மி. திரும்ப சுத்தறதுக்கும் அது தான் நல்லது, ஃப்ளை ரீல் ஒரு சுத்துக்கு ஒரு சுத்து தானே, 9 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு திருகுக்கு 28 சென்டிமீட்டர் தான் வரும். ஸ்பின்னிங்லருந்து வந்தவங்களுக்கு இது ரொம்ப மெதுவா தெரியும், கொடுவா உங்களைப் பாத்து ஓடி வரும்போது கையால லைனை இழுக்கறது தான் வழி.

பேக்கிங், அதாவது ஃப்ளை லைனுக்கு அடியில சுத்தற நூல், 20 பவுண்ட் டாக்ரான் 150 கெஜம் காயலுக்கு தாராளம். மெல்லிசா இருக்குன்னு ஜெல்ஸ்பன் நூல் போட்டா அதை நல்லா இறுக்கி சுத்தணும், விரலை அறுக்கும், கவனம்.

இப்ப அண்ணனுக்கு. சீல் ட்ராக்கை திறக்க முடியாதுங்கறது எல்லாத்துக்கும் பொருந்தாது அண்ணா, சிலதுல ட்ராக் முழுசா ஒரே டப்பா மாதிரி கழண்டு வரும், புதுசு வாங்கி மாட்டிக்கலாம். வாங்கும்போது அந்த டப்பா தனியா கிடைக்குதான்னு கேட்டுக்கணும், அவ்வளவு தான். வாரம் ஒரு நாள் ஏரி, மாசம் ரெண்டு நாள் காயல்னு போற ஆளு ஒவ்வொரு தடவையும் கார்க்கை திறந்து எண்ணெய் போட்டுட்டு இருக்க மாட்டார். நான் வெச்சிருக்கறது லாம்சன் லிக்விட், வார்ப்பு பாடி தான், கூம்பு மாதிரி சீல் பண்ண ட்ராக், கூடவே ரெண்டு எக்ஸ்ட்ரா ஸ்பூலோட ஒரே பேக்கா விக்கறாங்க. அந்த எக்ஸ்ட்ரா ஸ்பூல் தான் உங்களுக்கு பெரிய விஷயம். ஒண்ணுல ஏரி லைன், ஒண்ணுல காயல் லைன், ரீல் ஒண்ணே போதும்.

பனிப்புல்வெளி:

ஊட்டியிலருந்து எழுதறேன். இங்க ட்ரவுட்டுக்கு வீசறவங்க அந்த 8 வெயிட் ரீலையே இங்கயும் கொண்டு வரலாமான்னு அடிக்கடி கேக்கறாங்க, அதனால இடையில ஒரு வார்த்தை. வேணாம். இங்க ஓடைக்கு 4, 5 வெயிட் தான். லைன் எடைக் கணக்கே சொல்லுதே, முதல் 30 அடிக்கு 5 வெயிட் 140 கிரெய்ன், 8 வெயிட் 210 கிரெய்ன். 8 வெயிட் ரீலை 5 வெயிட் ராடுல மாட்டினா கைப்பிடி பக்கம் அவ்வளவும் கனமாகி கை செத்துடும். ட்ராக்கும் தேவையில்ல, டிக் டிக்னு சத்தம் போடற சாதாரண கிளிக் ரீல் போதும்.

ஆனா லைன் விஷயத்தை ஹூஸ்டன் நண்பர் வேகமா தாண்டிட்டார், அதை நான் அழுத்திச் சொல்றேன். குளிர்தண்ணிக்கு செஞ்ச லைனை செங்கல்பட்டு வெயில்ல எடுத்தா வேக வெச்ச நூடுல்ஸ் மாதிரி தொய்ஞ்சு, ராடோட கைடு வளையத்துல ஒட்டிக்கிட்டு, பத்து அடி கூட ஒழுங்கா போகாது. வெயில் ஊருக்குன்னு செஞ்ச ட்ராபிக்கல் லைனை அவலாஞ்சிக்கு காலையில கொண்டு வந்தீங்கன்னா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிக்கும். நிறைய பேர் ரீலை மாத்துவாங்க, ராடை மாத்துவாங்க, தப்பு லைன்ல இருக்கும். உங்க ஏரியும் காயலும் ரெண்டுமே சூடான தண்ணி தான், அதனால ரெண்டு ஸ்பூல்லயும் ட்ராபிக்கல் லைனே போடுங்க, ஏரிக்கு மிதக்கறது, காயலுக்கு முனை மூழ்கறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அவலாஞ்சியில 1907ல வில்சன்ங்கறவர் ஆரம்பிச்சு வெச்ச ட்ரவுட் பண்ணை நூறு வருஷம் தாண்டி நிக்குது. கீழ ஏரியில நனைஞ்ச ரீல், லைன், பூட்ஸை நல்லா கழுவி எலும்பு மாதிரி காய வெச்சப்புறம் தான் மேல கொண்டு வாங்க. பேக்கிங் ஈரம் ரொம்ப நாள் நிக்கும், கிருமி, பாசி எல்லாம் அதுல ஒளிஞ்சு வரும். அனுமதி வாங்காம வனத்துக்குள்ள போகாதீங்க, அதையும் சேத்துக்கங்க.

ஏரிக்கரை_செங்கல்பட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். யோசிச்சுப் பாத்தா விராலுக்கு ரீல் வேலையே செய்யல, அல்லிக்கொடிக்குள்ள அடிச்சதும் ட்ராக்கை பூட்டி கையால இழுத்து வெளிய எடுத்துடறேன், ரீல் சும்மா லைன் வைக்கற இடம் தான். அப்போ உப்புத்தண்ணிக்கு தேறுதான்னு மட்டும் பாத்து வாங்கினா ஏரிக்கு தானா தேறிடும்னு புரியுது. முதல் வகை, எக்ஸ்ட்ரா ஸ்பூலோட, தராசு டெஸ்ட் பண்ணிட்டு. மிச்சப்படற காசுல ரெண்டு நல்ல லைன்.

பழைய ரீலையும் நேத்து திறந்து பாத்தேன். பேக்கிங்கை முழுசா உருவினா அடியில ஸ்பூல்ல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு, அங்கங்க குழி. மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கு! ஒரு பக்கம் மட்டும் சுத்தற அந்த குட்டி உருளை பேரிங் முழுக்க துரு. கழுவித்தானே வெச்சேன், எப்படி?

முத்துநகர்_தூண்டில்:

கழுவுனது தான் தம்பி கெடுத்துட்டு. குழாயை வேகமா திறந்து அடிச்சேன்னு சொன்னல்லா, அந்த வேகத்துல உப்பும் மணலும் இடுக்குக்குள்ள ஏறிட்டு. ட்ராக்கை முதல்ல இறுக்கு, அப்புறம் நல்ல தண்ணிய மெதுவா ஊத்து, இல்ல ஒரு வாளியில பத்து நிமிஷம் சும்மா முக்கி வை. ஸ்பூலை கழட்டி துணியால தொடைச்சு நிழல்ல காய வச்சு, ட்ராக்கை லூஸ் பண்ணி எடுத்து வை. ரீல் பைக்குள்ள ஈரமா போட்டு ஜிப்பை இழுத்து மூடாத, அது ஊறுகாய் ஜாடி மாதிரி ஆயிரும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா லைன், பேக்கிங் எல்லாத்தையும் உருவி ஒரு வாளி நல்ல தண்ணியில ஊற வை, உப்பு தங்குறது அந்த நூலுக்குள்ள தான். கரையில ரீலை மணல்ல வைக்கவே வைக்காத.

ஹூஸ்டன் தம்பி சொன்ன டப்பா ட்ராக்கை நான் பாத்ததில்ல, அப்படி தனியா கிடைக்கும்னா எனக்கும் ஒண்ணு வேணும், விவரம் போடுங்க.

லேத்_கோவை:

செங்கல்பட்டு சார், அந்த ரீலை தூக்கிப் போட்டுறாதீங்க. ஸ்பூல்ல வெள்ளையா இருக்கறதை நைலான் பிரஷ்ல தேச்சு, காய வெச்சு, குழியில எல்லாம் ஒரு கோட் பெயின்ட் அடிச்சா ஏரிக்கு இன்னும் பல வருஷம் ஓடும். பேரிங் ஒன் வே நீடில் கிளட்ச்சா தான் இருக்கும், பெரிய விலை இல்லீங்க, பேரிங் கடையிலயே கிடைக்கும். ஓரத்துல நம்பர் பொறிச்சிருப்பான், எச்எஃப் 0612னு இருந்தா 6 எம்எம் ஷாஃப்ட், 10 எம்எம் வெளிவிட்டம், 12 எம்எம் நீளம். துருவுல நம்பர் அழிஞ்சிருந்தா இந்த மூணு அளவையும் வெர்னியர்ல எடுத்து இங்க போடுங்க. ஷாஃப்டையும் ஒரு போட்டோ போடுங்க, அதுல கோடு விழுந்திருந்தா புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்ல, ஷாஃப்ட் நான் கடைஞ்சு தரேனுங்க.

ஏரிக்கரை_செங்கல்பட்டு:

நம்பர் தெரியுது சார், எச்எஃப் 0612 தான்! ஷாஃப்டுல நகத்தால தடவினா ஒரு இடத்துல லேசா தட்டுது. காலையில வெளிச்சத்துல போட்டோ எடுத்துப் போடறேன்.